பொய் சொல்லாத மீட்டர்

தன் வீட்டில் பொய் சொல்லாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் என்பது தபாலாபீஸ் குமாஸ்தாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அது வோல்ட் அளக்கும் அவருடைய மல்டிமீட்டர்.

கிட்டார் ஒலிக்குக் கம்பீரம் சேர்க்கும் பெடல் ஒன்றைச் சொந்தக் கையால் செய்தே தீருவது என்று சாப்பாட்டு மேஜையை வளைத்துப் போட்டார். செய்தும் விட்டார். காலால் அமுக்கினால் சிங்கம் உறும வேண்டும். சளி பிடித்த ஆடு இருமியது.

மனைவி தையல்காரி. அவளுடைய மெஷின் நடையில் கிடந்தது; வாசல் கதவைத் திறந்தால் அவள் முதுகில்தான் இடிக்கும். ஜன்னலோரத்து அறையைக் கொடுங்கள் என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். அது கிட்டார் குடியிருக்கும் அறை என்று இவர் மசியவில்லை.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"நீ என்னத்தச் சொல்லப் போற? பேட்டரியை மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். ஒம்பது வோல்ட், கிண்ணுனு இருக்கு. கோளாறு ஆப்-ஆம்ப்லதான். இந்த எட்டுக்கால் சில்லு இருக்கே, சத்தத்தைப் பெருக்குறதே இதான்."

"ஒருவேளை நான் சரி பண்ணிட்டா?"

"இந்த மேஜையவே எடுத்துக்க. துணி வெட்டிக்க."

அவள் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

குமாஸ்தா சில்லை மாற்றினார். ஆடு இருமியது. மூன்றாம் நாள் இன்னொரு சில்லு. "இப்பவும் மேஜைதானா?" என்று கேட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாத்திரம் கழுவுவதையும் பந்தயத்தில் சேர்த்தார். பத்தாம் நாள், நான்காவது சில்லும் இருமியதும் அழாத குறைதான்.

"நீ மட்டும் சரி பண்ணு, ஜன்னல் ரூமே உனக்கு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரிமோட்டுக்கு வாங்கிய புது செல்லை அட்டையிலிருந்து பிரித்து நீட்டினாள்.

"இதை அளங்க."

மீட்டர் இரண்டேகால் காட்டியது.

"செல்லு மேல ஒன்றரைன்னுல்ல போட்டிருக்கு?"

குமாஸ்தா மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி அளந்தார்; அதே இரண்டேகால்.

"மீட்டருக்குள்ளயும் ஒரு பேட்டரி இருக்குல்ல? அதை எப்ப மாத்துனீங்க?"

மாற்றினால்தானே சொல்வதற்கு. சாகக் கிடந்த மீட்டர் எதை அளந்தாலும் ஒன்றுக்கு ஒன்றரையாக அளந்துவிட்டிருந்தது. அது சொன்ன ஒன்பது, உண்மையில் ஆறு. பட்டினி கிடந்த சில்லு வேறென்ன செய்யும், இருமத்தான் செய்யும்.

பெடலுக்குப் புது பேட்டரி போட்டார். சிங்கம் உறுமியது. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசை தீர வாசித்து நிமிர்ந்த பிறகுதான் சந்தேகம் தட்டியது.

"இதை எப்ப கண்டுபிடிச்ச?"

"முதல் நாளே. ரிமோட்டுக்கு செல் போடறப்ப அளந்து பாத்தேன்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

மெஷினை ஜன்னலோரத்து அறைக்குத் தள்ளிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லியிருப்பேங்க. அன்னைக்கு நீங்க மேஜையை மட்டும்தானே தரேன்னீங்க."