போல்டன்புரத்து அசையாச் சொத்து

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை. கண்டுபிடித்த சக்கரத்தை எட்டு வருடம் உருளவிடாமல் காத்தது அதைவிடப் பெரிய சாதனை. முதலாவதைச் செய்தவர் பெயர் வரலாற்றில் இல்லை. இரண்டாவதைச் செய்தவர் தூத்துக்குடி போல்டன்புரத்தில் இருக்கிறார். பெயர் செந்தூர்வேல், வயது ஐம்பத்து மூன்று. துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜென்சியில் சூப்பிரண்டு. ஊரார் சரக்கைத் தாமதமில்லாமல் அனுப்பிவைப்பது அவருடைய பிழைப்பு. தன் வீட்டுக் காரை எங்கேயும் அனுப்பாமல் வைத்திருப்பது அவருடைய பொழுதுபோக்கு.

‘தன் வீட்டுக் கார்’ என்றது பேச்சு வழக்கு. அது அவருடைய மாமனார் நல்லக்கண்ணுவின் கார். 1966 ஹெரால்டு, வெண்ணெய் நிறம், இரண்டு கதவு. சாத்தான்குளத்தில் நல்லக்கண்ணு அதை முப்பத்தொரு வருடம் ஓட்டினார். வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், பிரசவ வலி எடுத்த பெண்கள், கல்யாணத்துக்குப் பிணங்கிக்கொண்டு ஓடிய மாப்பிள்ளை ஒருவர் என்று அது சுமக்காத சுமை இல்லை. மகள் சந்தனச்செல்விக்கு வறண்ட குளத்துக்குள் வைத்து அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அதில்தான். பிறகு கொஞ்ச காலம் வேப்பமரத்தடியில் நின்றது. பின்சீட்டில் கோழி முட்டையிட்டது.

அந்தக் கோலத்தைக் கண்டு மருமகன் மனம் பதறியது. “மாமா, ஒரே மாசம் குடுங்க. புத்தம் புதுசா ஆக்கித் தாரேன்” என்றார். கார் லாரியேறித் தூத்துக்குடி வந்தது. அந்த ஒரு மாசம்தான் எட்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. நல்ல காரியத்துக்கு அவசரம் ஆகாது.

தூத்துக்குடியில் இரும்பு வைத்திருப்பது எளிதான காரியமல்ல. பொங்கலுக்கு மாட்டிய கேட்டு தீபாவளிக்குச் சல்லடையாகிவிடும். அந்த உப்புக்காற்றை எதிர்த்து செந்தூர்வேல் தனியாளாகப் போர் தொடுத்தார். காருக்கு ஷெட் கட்டி, ஷட்டர் போட்டு, படுக்கையறை ஏசியைக் கழற்றி அங்கே மாட்டினார். கார்ப்பரேஷன் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். அந்த நல்ல தண்ணீரில் கார் குளித்தது. மனிதர்கள் போர்வெல் தண்ணீரில் குளித்தார்கள். போர் தண்ணீர் கடலுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

“இந்தத் தண்ணியில குளிச்சுக் குளிச்சு என் முடியெல்லாம் கொட்டுது” என்றாள் சந்தனச்செல்வி.

“முடி திரும்ப முளைக்கும் ஏளா. பானட்டு முளைக்குமா?”

இத்தகைய தெளிவுள்ளவரை உலகம் தனியே விடுமா? ‘தென்கடல் தொன்மை வாகனப் பேணுநர் பேரவை’ அவரை அணைத்துக்கொண்டது. உறுப்பினர் நால்வர், கார்கள் ஐந்து, ஓடுபவை இல்லை. மாதக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். தலைவர் தமீம் காக்கா மட்டும் காயல்பட்டினத்திலிருந்து பஸ்; அந்த ஊரில் அண்ணன் என்றால் காக்கா. இருபது வருடம் துபாயில் இருந்தவர். தம்முடைய காரை மூன்று உறை போட்டு மூடிவைத்திருக்கிறார். உள்ளே இருப்பது எந்தக் கார் என்பதில் அவருக்கே அண்மைக்காலமாக ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் உறையைத் திறந்து பார்க்கும் ஆள் அவர் இல்லை.

பேரவையின் முதல் தீர்மானம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது: “ஓடுதல் என்பது தேய்தல். தேய்தல் என்பது அழிதல். ஆகவே ஓடுதல் பேரவையின் நோக்கங்களுக்கு முரணானது.” ஒருமுறை உறுப்பினர் ரோஸ் டீச்சர், ஈஸ்டரன்று காரைத் தெருவில் எடுத்துவிட்டதாக எழுந்து நின்று ஒப்புக்கொண்டார். கூட்டம் உறைந்துபோயிற்று.

“எம்புட்டுத் தூரம் டீச்சர்?” என்று கேட்டார் தமீம் காக்கா.

“கோயில் முக்கு வரைக்கும். நூறு மீட்டர் இருக்கும்.”

“நேராவா, ரிவர்ஸ்லயா?” இது செயலாளர் பாலகணேஷ்.

“போகையில நேரா. திருப்ப எடமில்ல, வரையில ரிவர்ஸ்.”

“அப்பம் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சிரும். போகவே இல்லன்னு எழுதிக்கிடுதேன்” என்று பாலகணேஷ் டீச்சரைக் காப்பாற்றினார். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

இதற்காக செந்தூர்வேலின் கார் செத்த கார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எஞ்சின் அருமையான நிலையில் இருந்தது. ஞாயிறுதோறும் சைலன்சரில் குழாய் மாட்டிப் புகையை வெளியே விட்டு, ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வார். அதற்கு ‘அமர்நிலைப் பயணம்’ என்று பெயர். சந்தனச்செல்வி பக்கத்தில் உட்கார வேண்டும். சீட்டின் பிளாஸ்டிக் உறை சரசரக்கும்.

“பழையகாயல் தாண்டியாச்சு” என்பார் செந்தூர்வேல், ஷெட் சுவரைப் பார்த்தபடி.

“காத்து நல்லா வருது” என்பாள் அவள், ஏசியைப் பார்த்தபடி. திருச்செந்தூர் சாலையின் ஆத்தூர் பாலம் வருமுன் ஐந்து நிமிடம் முடிந்துவிடும். எட்டு வருடத்தில் அவர்கள் ஆத்தூரைத் தாண்டியதில்லை.

ஆடி மாதத்தில் மாமனாரிடமிருந்து போன் வந்தது.

“மாப்ள, கண்ணாஸ்பத்திரில பாத்தேன். கண் நரம்பு போய்க்கிட்டு இருக்காம். இன்னும் நாலஞ்சு மாசந்தான் வெளிச்சம் இருக்கும்னு சொல்லுதாவ. அதுக்குள்ள நம்ம கார்ல இருந்து திருச்செந்தூர் கடல ஒரு தடவ பாத்துரணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.”

செந்தூர்வேல் அழுதுவிட்டார். அது நடிப்பில்லை, உண்மையான அழுகை. மூக்கைச் சிந்திவிட்டு, “கட்டாயம் மாமா. கதவு ரப்பர் மட்டும் வரணும்” என்றார்.

ஆவணியில் ரப்பர் வந்தது. பிறகு வைப்பருக்காகக் காத்திருந்தார்கள். மழையில் எடுக்கப்போவதில்லை, ஆனாலும் வைப்பர் இல்லாத கார் ஒரு காரா? வைப்பர் வந்தபோது கடிகாரம் ஓடவில்லை என்பது கண்ணில் பட்டது. புரட்டாசி போயிற்று.

“டாக்சி புக் பண்ணித் தாரேன் மாமா. ஏசி இருக்கும்” என்று பெருந்தன்மையோடு சொல்லிப் பார்த்தார்.

“அதுல என்னத்துக்கு மாப்ள? மாசி மாசி திருவிழாவுக்கு உங்க அத்தைய முன்சீட்டுல வச்சிக் கூட்டிட்டுப் போன காரு. இந்தத் தடவ அந்தச் சீட்டுல நான் உக்காந்துக்கிடுதேன்னு நெனச்சேன்.”

ஐப்பசியில் எல்லா வேலையும் முடிந்துவிட்டது. அன்று ராத்திரி செந்தூர்வேலுக்குத் தூக்கம் வரவில்லை. வேலை முடிந்தது என்று சொன்னால் கார் ஓடவேண்டும். ஓடினால் சாத்தான்குளத்துக்கே திரும்பிப் போய்விடும். காலி ஷெட்டை நினைத்து எழுந்து உட்கார்ந்தார். விடிந்ததும் டார்ச் அடித்துத் தேடினார். டிக்கிக்குள் ஒரு ஸ்குரூ மாடல் மாறியிருந்தது. அவருக்கு உயிர் வந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரவையின் ஆண்டுவிழா. எட்டு வருடமாக மீட்டர் நகராமல் காத்தவருக்கு ‘அசையாச் சொத்துக் கோப்பை’ வழங்குவது என்று முடிவாகியிருந்தது. மீட்டர் 87,412-ல் வந்தது, 87,412-லேயே நின்றது. நேரில் பார்த்துச் சான்றளிக்க மதுரையிலிருந்து நடுவர் பகவதி ரயிலில் வந்துகொண்டிருந்தார். அதே ஞாயிற்றுக்கிழமை காலையில், சொல்லாமல் கொள்ளாமல், முதல் பஸ்ஸில் நல்லக்கண்ணு வந்து இறங்கினார். ஒரு கையில் மஞ்சப்பை, இன்னொரு கை சுவரைத் தடவிக்கொண்டிருந்தது.

“வாங்க மாமா” என்றார் செந்தூர்வேல். “இன்னைக்கு மட்டும் காரத் தொடாதிய. நடுவர் பாக்கணும். அடுத்த வாரம் நாமளே போவோம்.”

“அடுத்த வாரம் எனக்குக் கண்ணு தெரியணுமே மாப்ள.”

செந்தூர்வேல் கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்லும் தொல்லை இல்லாமல் போயிற்று. ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

பத்தரை மணிக்கு நடுவர் வந்தார். வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார். பேரவை முழுவதும் ஷெட் முன்னால் திரண்டு நின்றது. செந்தூர்வேல் ஷட்டரைத் தூக்கினார்.

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தரை கண்ணாடிபோல் மின்னியது. கார் இல்லை.

ஆணியில் பயணப் பதிவேடு தொங்கியது. எட்டு வருடமாக ஒரு வரிகூட எழுதப்படாத ஏடு அது. முதல் பக்கத்தில் சந்தனச்செல்வியின் கையெழுத்தில் முதல் பதிவு இருந்தது: “புறப்பாடு: போல்டன்புரம். சேருமிடம்: திருச்செந்தூர். நோக்கம்: அப்பா கடல் பார்க்க. ஓட்டுநர்: நான்.” செந்தூர்வேல் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உப்புக்காற்று, முப்பத்தெட்டு கிலோமீட்டர் கடலோரச் சாலை, அதிலே தன் கார். பெண்டாட்டி ஓட்டிக்கொண்டு போனாளே, கண் மங்கிய கிழவர் கூடப் போனாரே என்ற கவலையும் வந்தது. ஆனால் அது கியூவில் பின்னால் நின்றது.

“வாகனம் எங்கே?” என்றார் நடுவர்.

பாலகணேஷ்தான் செயலாளர் பதவிக்குத் தகுந்தவர் என்பதை அப்போது நிரூபித்தார். “சார், ஓடினாத்தான் தேயும்னு நாங்க நெனச்சுக்கிட்டு இருந்தோம். அண்ணாச்சி ஒருபடி மேல போயிட்டாவ. நாலு பேரு கண்ணு பட்டாலும் தேயும்லா? அதான் பார்வையில இருந்தே காரக் காப்பாத்தி வச்சிருக்காவ.”

நடுவர் கையுறையால் தரையைத் தடவிப் பார்த்தார். தூசியில்லை. குனிந்து எண்ணெய்க் கறை தேடினார். ஒரு சொட்டுகூட இல்லை. கையுறையைக் கழற்றிக் கைகூப்பினார்.

“முப்பது வருட நடுவர் பணியில் நான் பார்த்த கார்களில் எல்லாம் ஏதாவது ஒரு குறை இருந்தது. ஒரு கீறல், ஒரு நெளிவு. குறையே சொல்ல முடியாத காரை இன்றுதான் பார்க்கிறேன்.”

“மாஷா அல்லாஹ்” என்றார் தமீம் காக்கா. ஊருக்குப் போனதும் தம்முடைய உறைகளுக்கு உள்ளேயிருப்பதையும் அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது. ரோஸ் டீச்சர் மட்டும் ஷெட்டை ஒருமுறையும் செந்தூர்வேலின் சட்டைப்பையை ஒருமுறையும் பார்த்தார்.

பேச்சுகள் நீண்டன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் பேசினார்கள். மூன்று மணிக்குக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். செந்தூர்வேல் ஏற்புரைக்காகத் தொண்டையைக் கனைத்தபோது தெருமுனையில் ஒரு ஹாரன் கேட்டது. எட்டு வருடமாகப் பஞ்சு சுற்றி வைத்திருந்த ஹாரன்.

ஹெரால்டு வந்தது. பானட்டில் சந்தனமும் குங்குமமும். கண்ணாடியில் உப்புப் பூத்திருந்தது. பின்சீட்டில் இரண்டு இளநீரும், பனங்கிழங்குக் கட்டும், திருச்செந்தூர்க் கடற்கரை மணல் பாதியும் இருந்தன. ஜன்னலில் ஒரு ஈர வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறைகளைக் காணோம். சந்தனச்செல்வி ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்திருந்தாள். அவள் முகத்தை செந்தூர்வேல் வெகுநாள் கழித்துப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தது. முன்சீட்டில், துண்டைப் போர்த்திக்கொண்டு, சிவந்த கண்ணோடு நல்லக்கண்ணு இருந்தார்.

“ஏ தாயி, வீடு வந்துட்டா?” என்று அவர் மகளிடம் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. “அலை ஒவ்வொண்ணும் எப்படி உருண்டு வந்துச்சு பாத்தியா. எனக்கு இது போதும்.”

ரோஸ் டீச்சர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவர் காரை நோக்கிப் பாய்ந்தார்.

“என்ன அக்கிரமம் இது? தொன்மை வாகனத்தில் ஈர வேட்டியா? மணலா? இந்த வாகனத்தை இப்படி ‘பயன்படுத்திய’ ஆள் யார்?” காரைச் சுற்றி வந்து மீட்டரைப் பார்த்தார். 87,488. அவர் மெல்லத் திரும்பினார். “மிஸ்டர் செந்தூர்வேல், இந்தக் கார் உங்களுடையதா?”

செந்தூர்வேல் மனைவியைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். மாமனார், மருமகன் குரல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். செந்தூர்வேல் கடைசியாகத் தன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். கொஞ்சம் கனமான கோப்பைதான்.

“இல்ல சார்” என்றார்.

நல்லக்கண்ணு தலையாட்டினார். “நாலு பேரும் கேட்டுக்கிடுங்க. தாயி, வண்டிய எடு. நம்ம ஊருக்குப் போவோம்.”

வண்டி திரும்பிச் சாத்தான்குளத்தைப் பார்க்கப் போயிற்று. வாசலில் கோப்பையோடு நின்றவரை யாரும் குறைத்துப் பேசிவிட வேண்டாம். அந்தக் காரைப் பற்றி எட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. அதையும் அவர் கோப்பைக்காகத்தான் சொன்னார்.