பின்வாங்கியரின் மட்டைப் பலகை

பந்தை ஒருமுறைகூட ஓங்கி அடிக்காமல் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் மூச்சுவாங்க வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருகோணமலைத் துறைமுக வாசலுக்கு எதிரே, எங்கள் கப்பல் ஏஜென்சியில், சரக்கு இறக்குவதைப் பார்க்கும் கிளார்க்காக இருந்தார்.

பெயர் பின்வாங்கியர். மேசைப்பந்து விளையாடும்போது மேசைக்குக் கிட்ட நிற்கவே மாட்டார். பின்னுக்குப் போய்க்கொண்டே இருப்பார். அதனால் பின்வாங்கி. வயதுக்கு மரியாதையாக ஒரு 'யர்' நாங்கள் சேர்த்தது. எங்கள் விளையாட்டறை தீப்பெட்டி அளவு. அவருக்கு அது காணாது. பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, குசினிக்குள் நின்று விளையாடுவார். நாம் அடித்த பந்து கதவுக்குள் மறையும். உள்ளே ஏதோ சட்டி உருளும். “ஐயோ, தேத்தண்ணி!” என்று ஒரு சத்தம் கேட்கும். பந்தின் கதை முடிந்தது என்று நாம் நினைக்கும்போது அது ஆறுதலாகச் சுழன்று வெளியே வந்து, எங்கள் பக்கத்தில் விழுந்து வழுக்கும்.

எங்கள் ஏஜென்சிக் கந்தோரில் மட்டை பிடித்த பெண் நான் ஒருத்திதான். ஆகவே கலப்பு இரட்டையரில் அவருக்கு ஜோடி நான்.

கந்தோர்களுக்கிடையிலான போட்டி வந்தது. விளையாடுகிறவர்களுக்குக் கந்தோர்ச் செலவில் புது மட்டை என்று மனேஜர் பெரிய மனசு காட்டினார். மற்றவர்கள் ரப்பர் ஒட்டி வந்த மட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள். பின்வாங்கியருக்கோ அது பொம்பிளை பார்க்கிற விசயம். ரப்பரைத் தானே ஒட்டுவார்; முதலில் வெறும் பலகை அமையவேண்டும். என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் கிண்ணியா ஆள். கண்ணாடி அலுமாரியைத் திறந்து பளபளவென்று ஒன்றை நீட்டினார்.

“இத எடுங்க அண்ணன். உள்ளுக்கு காபன் இரிக்கி. தொட்டாப் பறக்கும்.”

“பறக்கிறதுக்கோ நான் வந்தனான்? பந்து பலகையில கொஞ்சம் இருந்திட்டுப் போகவேணும்.”

“இருந்திட்டா? தேத்தண்ணியும் குடிச்சிட்டா?”

பின்வாங்கியர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பலகையையும் காதோடு வைத்து விரல் முட்டியால் தட்டினார். ‘டிக்’ என்றால் இறுகிய மரம், பந்து தெறிக்கும். அடங்கின குரலில் ‘டொக்’ என்றால் மெத்து மரம். வந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். தடுத்து ஆடுகிறவனுக்கு அதுதான் வேண்டும். தலையும் அகலமாக இருக்கவேண்டும், எட்டாத பந்தும் எட்டுவதற்கு. அலுமாரி காலியானது. எல்லாம் டிக். புறப்படும்போது, கடைக்காரரின் மேசைக் காற்றாடி ஆடாமலிருக்க அடியில் சொருகியிருந்த பலகை அவர் கண்ணில் பட்டது. ஒருவரும் வாங்காமல் கிடந்ததாம். உருவியெடுத்துத் தட்டினார்.

டொக்.

“அண்ணன், அத எடுத்தா ஃபேன் ஆடும்!”

“ஆடட்டும்.”

அணிக்கு ஆள் தெரிவு செய்ய எங்களுக்குள் ஓர் ஆட்டம் வைத்தார்கள். புது மட்டையோடு நின்ற பின்வாங்கியருக்கு எதிரே மனேஜர். அவரை அதுவரை யாரும் வென்றதில்லை, வேலை போய்விடுமே. மனேஜர் அடித்தார். பந்து குசினிக்குள்ளிருந்து வந்தது. இன்னும் பலமாக அடித்தார். இன்னும் மெதுவாக வந்தது. கடைசியில் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு கதிரையில் விழுந்தார். “இது விளையாட்டோ? காணி வழக்கு!” என்று கத்தினார். யாரோ சிரித்துவிட்டார்கள்.

அடுத்த நாள் பின்வாங்கியரை அறைக்கு அழைத்தார். கையெழுத்து வாங்கப் போன நானும் அங்கே நின்றேன்.

“அந்த மட்டையை இதில வையும். அது கந்தோர்ச் சொத்து. போட்டிக்கு நான் அதாலதான் விளையாடப் போறன்.”

பின்வாங்கியர் கோபிக்கவில்லை. உண்மையான கவலையோடு சொன்னார்: “சேர், அடிக்கிற ஆளுக்கு இது சரிவராது. உங்கட வேகத்தை இது குடிச்சுப்போடும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “சேர், அது அவர் தன்ட கைக்கெண்டு தேடி எடுத்தது” என்றேன்.

“கையை நான் கேக்கேல்ல. பலகையைத்தான் கேட்டனான்.”

அணியிலிருந்தும் அவரை எடுத்துவிட்டார். ஜோடி போனதால் நானும் வெளியே.

பின்வாங்கியர் பார்த்துப் பார்த்து ஒட்டியிருந்த ரப்பரை உரித்துவிட்டு, வேகமான ரப்பர் ஒட்டிக்கொண்டு மனேஜர் போட்டிக்குப் போனார். முதல் ஆட்டம். அவர் ஓங்கி அடித்த பந்தெல்லாம் பஞ்சில் பட்டதுபோல் சோர்ந்து வலையில் விழுந்தது. பார்வையாளர் வாங்கில் என் பக்கத்தில் இருந்த பின்வாங்கியர் தாங்கமாட்டாமல் எழுந்தார். “சேர், மெதுவா! கொஞ்சம் பின்னுக்கு வாங்கோ!” உதவிக்குத்தான் சொன்னார். மண்டபமே சிரித்தது. தோற்ற மனேஜர் மட்டையை மேசை விளிம்பில் ஓங்கி அடித்துவிட்டு வெளியேறினார். அன்று அவர் ஒழுங்காக அடித்த அடி அது ஒன்றுதான்.

பின்வாங்கியர் போய் அதை எடுத்தார். காதில் வைத்துத் தட்டினார். உள்ளே ஏதோ கிலுங்கியது.

“செத்துப் போச்சு, பிள்ளை.”

அதைக் கைக்குட்டையில் சுற்றினார்.

அடுத்த கிழமை அவருக்கு மூதூர்க் களஞ்சியத்துக்கு மாற்றம். ‘சேவையின் தேவை கருதி’யாம். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வந்துபோன மனிதர், விடியமுதல் பஸ் ஏறி, கிண்ணியாவால் சுற்றிக் குடாவின் அடுத்த கரைக்குப் போகவேண்டும்.

“ஒருக்காவது திருப்பி அடியுங்கோவன் அண்ணை! ஏலாதெண்டு சொல்லுங்கோ!” என்று நான்தான் கத்தினேன்.

“எனக்கு அடிக்கத் தெரியாது பிள்ளை. பழகேல்ல.”

அவருக்காக நான் மேலிடத்துக்கு அனுப்பிய முறைப்பாட்டுக்கு இன்றுவரை பதில் இல்லை. மனேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கேக் வெட்டிக் கொழும்புக்கு அனுப்பிவைத்தோம். விளையாட்டறையில் இப்போது உடைந்த கதிரைகள் கிடக்கின்றன.

போன மாதம் வேலையாக மூதூர் போனேன். சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே தனியாக இருந்தார். மெலிந்துவிட்டார். கந்தோரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “சாப்பிட்டனீங்களோ பிள்ளை?” என்று மட்டும் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் சோற்றுப் பார்சலை இரண்டாகப் பிரித்தார். அதில் இருந்தது ஒரே ஒரு மீன் துண்டு. அதை என் பக்கம் தள்ளிவிட்டு, தனக்கு இப்போது மீன் ஒத்துக்கொள்வதில்லை என்றார்.

முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிற மனிதர் அவர். அது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு முழுத் துண்டையும் சாப்பிட்டு முடித்தேன்.