மோதாத வில்லை

ஓட்டுநர் இல்லாத வண்டிகள் ஊருக்குள் ஓடத் தொடங்கியதும் மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. 'சென்சார் சாமி' என்கிற சாமியார் விற்கும் வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் எந்த வண்டியும் மோதாதாம். மாட்டாதவனைத் தேடி வந்து மோதுமாம். விவரம் தெரியாத சனம் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் முதல் ஆள் நான்தான். தானியங்கி வண்டிகளுக்கு நெறிமுறை வகுக்கும் அரசுக் குழுவின் மாண்புமிகு உறுப்பினர்.

என் புத்தி ஏன் புல் மேயப் போனது? 'வேறு வழியே இல்லையென்றால் வண்டி கிழவரை இடிக்கலாமா, குழந்தையை இடிக்கலாமா' என்று எங்கள் குழு ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. பேசிப் பேசி, வண்டி ஆள் பார்த்துத்தான் இடிக்கும் என்று நானே நம்பிவிட்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளில் வெளுத்துவிடும். எங்கள் புளுகோ ஒரு வருடமாக வெளுக்கவில்லை, அதற்கு அமர்வுப்படி வேறு.

சாமி கண்முன்னே காட்டினார். வில்லை தொங்கிய பொம்மையின் முன் வண்டி சீறி வந்து நின்றது. வெறும் பொம்மையைத் தூக்கி அடித்தது. கை சிவக்கத் தட்டினேன். மகளுக்கும் ஒரு வில்லை வாங்கினேன்.

மறுநாள் காலை, நானும் மனைவியும் வாசலில் நிற்க, மகள் வில்லையை மாட்டிக்கொண்டு, இரு பக்கமும் பார்க்காமல் சாலையில் இறங்கினாள். ஒரு சரக்கு லாரி கிறீச்சிட்டு, அவளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"அதான் நின்னுருச்சுல்லப்பா" என்று சிரித்தாள்.

ஓடிப்போய் அவளை ஓரமாக இழுத்தேன். அந்த லாரியை ஓட்டியவர் ஒரு மனிதர். பாவம், ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார்.

என் மனைவி எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். அன்று மாலையே மைதானத்தில் போய் நின்றாள்.

"சாமி, ரெண்டு பொம்மைக்கும் சட்டை மாட்டுறேன். ஒண்ணோட சட்டைக்குள்ள மட்டும் வில்லை இருக்கும். எதுலன்னு சொல்ல மாட்டேன். வண்டிய விடுங்க."

"சோதிச்சா சக்தி குறைஞ்சிரும்மா."

"தெரிய வேண்டியது வண்டிக்குத்தானே? உங்களுக்கு எதுக்கு?"

கூட்டமும் "விடுங்க, விடுங்க" என்றது. வண்டி கிளம்பியது, தயங்கியது, ஒரு பொம்மையின் முன் நின்றது, திரும்பி மற்றதை மல்லாத்தியது. மனைவி சட்டையை விலக்கினாள். மல்லாந்து கிடந்ததன் நெஞ்சில்தான் வில்லை இருந்தது. அவள் நேரே மேடைக்குப் பின்னால் போய்த் திரையை இழுத்தாள். சாமியின் மச்சான் ரிமோட்டும் கையுமாக வியர்த்துக்கொண்டிருந்தான்.

சாமி அசரவில்லை. "இது பழைய வில்லை. புதுசுல இந்தக் குறை இல்ல" என்றார்.

நம்புவீர்களா, உடனே நாலைந்து கைகள் நீண்டன. அதில் ஒன்று எங்கள் குழுத் தலைவருடையது.

மனைவி அவரைக் கேட்டாள்: "ஐயா, யாரை இடிக்கலாம்னு ஒரு வருஷமா பேசுறீங்களே, பிரேக் போட்டா எவ்வளவு தூரத்துல நிக்கும்னு யாராவது கேட்டீங்களா?"

"அதுக்கு இன்னும் நேரம் கிடைக்கலம்மா."

வண்டிக்குச் சொந்தப் புத்தி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நடுங்குகிற பெருமக்களே, அது வரும்போது வரட்டும். சாலையில் இறங்குவது நம் பிள்ளைகள். முதலில் நமக்கு வரட்டும்.