நிலாவை விழுங்கியவன் வழக்கு

"இனிமே இந்த வீட்டில் கார்ட்டூன் படம் ஓடக் கூடாது. ஓடினால், நான் ஓடிவிடுவேன்!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரிமோட்டைப் பிடுங்கி டி.வி.யை அணைத்துவிட்டு இப்படித்தான் முழங்கினேன். ஏழு வயது மகள் சோபாவில் குப்புற விழுந்து அழுதாள்.

கோபம் வராதா? நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஓர் ஒற்று விட்டுப்போனாலே எனக்குத் தூக்கம் போய்விடும். இங்கே ஒரு கொலையையே விட்டுவிட்டார்கள்!

நிலாவை விழுங்கிய ராட்சசன் கதைதான். ஊரே இருண்டுபோகிறது. ஆடு மேய்க்கும் பெண் மலையேறிப் போய், கோணி ஊசியால் அவன் வயிற்றைக் கிழித்து நிலாவை மீட்கிறாள். ராட்சசன் காலி. கதையும் காலி. இந்தப் புதுப் படத்தில் என்னடாவென்றால், அவனுக்கு இருட்டென்றால் பயமாம். அதனால்தான் விழுங்கினானாம். அவள் முதுகில் தட்டிக்கொடுக்கிறாளாம். அவன் ஓர் ஏப்பம் விட, நிலா வெளியே வருகிறதாம். அப்புறம் ஆட்டுக்குட்டிகளோடு டான்ஸ்!

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். அவள் வக்கீல். வீட்டிலும் வக்கீல்தான்.

"எதுக்குங்க என் கட்சிக்காரர் அழறாங்க?"

"ராட்சசன் நல்லவனாம்! இதைப் பாத்து வளர்ந்தா, நாளைக்குத் திருடன் வந்தாக்கூட, 'உக்காருங்க அங்கிள்'னு நாற்காலி எடுத்துப் போடுவா!"

"உண்மைக் கதை உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுமாவா? கரைச்சுக் குடிச்சிருக்கேன்! மூலக்கதை மொத்தமும் மனப்பாடம்."

"அப்ப சொல்லுங்க. அது மூலக்கதைதான்னா டி.வி. அணைஞ்சே கிடக்கட்டும். இல்லேன்னா, இதோட ரெண்டாம் பாகம் தியேட்டர்ல ஓடுது. நீங்கதான் எங்களைக் கூட்டிட்டுப் போகணும்."

"சரி!" என்றேன். மகள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உயிரைக் கொடுத்துச் சொன்னேன். உறுமினேன், மலையேறினேன், மூச்சு வாங்கினேன். மனைவி இடையில் மெதுவாகக் கேட்டாள்.

"ராட்சசன் பாக்க எப்படி இருப்பான்?"

"பச்சை நிறம். ஒத்தைக் கொம்பு. முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும்."

"அவ ஊசியை ஓங்கும்போது?"

"பளிச்சுனு மின்னல் வெட்டும்! வயலின் 'கீ...ய்'னு இழுக்கும்! உடனே மத்தளம், டமடமடமடம..."

"வயலின் புத்தகத்துல எந்தப் பக்கத்துலங்க வருது?"

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. கைக்கு மட்டும் விஷயம் புரியவில்லை. அது மேஜையில் மத்தளம் வாசித்துக்கொண்டே இருந்தது.

"ஆக, நீங்க பாத்ததும் கார்ட்டூன்தான். உங்க காலத்துக் கார்ட்டூன்" என்றாள் மனைவி.

மகள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "பாவம்ப்பா நீங்க. உங்க படத்துல டான்ஸே இல்லையா?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "எங்க படம் மூலக்கதையை அப்படியே எடுத்த படம்!"

"கிடையவே கிடையாது. மூலக்கதையில பொண்ணும் இல்ல, ஊசியும் இல்ல. ராட்சசன் விழுங்கிட்டுத் தூங்கிடறான். எழுந்திருக்கவே இல்ல. நிலா இல்லாம ஊர் ஜனங்க விளக்கேத்தக் கத்துக்கறாங்க. அவ்வளவுதான் கதை. நான் படிச்சிருக்கேன்."

என்ன நிதானம்! எந்த நீதிபதியும் நம்பியிருப்பார். நானும் நம்பினேன். ரிமோட்டை மகளிடம் நீட்டினேன்.

அடுத்த ஞாயிறு தியேட்டரில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாகத்தில் ராட்சசன் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறான்! நறநறவென்று பல்லைக் கடித்தேன். பக்கத்து இருக்கைக்காரர், நான் பாப்கார்ன் தின்பதாக நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இடைவேளை விட்டதும் மனைவி பக்கம் திரும்பினேன்.

"நீ படிச்சியே, அந்த மூலக்கதைப் புத்தகம், அதை எனக்கு எடுத்துக் குடு. கொண்டுபோய் இந்தப் படக்காரனுங்க மூஞ்சியில விட்டெறியறேன். எங்கே வச்சிருக்கே?"

"புத்தகமா?" மடியிலிருந்த பாப்கார்னை என் பக்கம் நகர்த்தினாள். "நான் எங்கங்க படிச்சேன்? சின்ன வயசுல நீங்க பாத்த அதே படத்தைத்தான் நானும் பாத்தேன்."