நானூறு கிளைகளும் என் மகளின் ஒரே அடுப்பும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை விசாரிக்கத் தேவையில்லை. உடம்புக்கு முடியாத மனிதர் எவரும் ஏழு பக்கத்துக்குப் பெருமையடிக்க முடியாது. "என் மகன் நாடு முழுக்க நானூறு கிளை உள்ள பீட்சா கம்பெனியில் மண்டல மேலாளர், உங்கள் மகள் ஒரே ஒரு கடையில் மாவு பிசைகிறாள்" என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆதாரம் சேகரிக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கட்டடப் பொறியாளர் வேலையை விட்டுவிட்டு, பீட்சாக் கடை போடப் போகிறேன் என்று மகள் வந்து நின்றபோது வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவன் நான்தான். "ரொட்டி சுடவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று கேட்டேன். அவள் செங்கல் செங்கலாக அடுக்கி அந்த விறகு அடுப்பைத் தானே கட்டினாள். படித்த படிப்புக்கு அவள் சொந்தமாகக் கட்டிய ஒரே கட்டடம் அது. கடை திறந்து இரண்டு வருஷம் நான் உள்ளே கால் வைக்கவில்லை; வீட்டுக்குக் கொண்டுவந்தால் வயிறு சரியில்லை என்பேன். அப்புறம் உங்கள் மகனுடைய கம்பெனி நேர் எதிரே கிளை திறந்தது. கண்ணாடிச் சுவர், சிவப்பு விளக்கு, வாசலில் ஆளுயர பலூன். இவள் கடையில் நாற்காலியெல்லாம் காலி. ஒருநாள் கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் வந்து சோபாவில் உட்கார்ந்தாள். "மூடிடலாமாப்பா?"ன்னு கேட்டா. என்கிட்ட! எப்போ மூடுவான்னு ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருந்தவன்கிட்ட! ஆனா அவ வாயால அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு மச்சான்.

மறுநாள் மத்தியானம் கிளம்பி எதிர்க்கடைக்குப் போனேன். எடை அளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் இருந்தவன், பாக்கெட்டில் டேப் இல்லாமல் எங்கே போயிருக்கிறேன்? தட்டு வந்ததும் அளந்தேன். பன்னிரண்டு அங்குலம். பக்கத்து மேஜைக்கு வந்ததையும் அனுமதி கேட்டு அளந்தேன். அதுவும் பன்னிரண்டு. காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம்! என் உத்தியோக புத்திக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் போடுவது ஒன்று முட்டை மாதிரி இருக்கும், இன்னொன்று ஏதோ தீவின் வரைபடம் மாதிரி இருக்கும். சரி என்று தின்று பார்த்தேன். போன வருஷம் வேறொரு ஊரில் தின்ற அதே ருசி, இம்மி பிசகவில்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லை மச்சான். அதுதான் குறை. இதை யோசித்துக்கொண்டே டேப்பை விட்டேனா, அது சர்ரென்று சுருண்டு வந்த வேகத்தில் சீஸை வாரிக்கொண்டு போய், அப்போதுதான் அங்கே வந்து நின்ற கிளை மேலாளர் சட்டையில் அப்பிவிட்டது. அவர் சட்டையைப் பார்க்கல, டேப்பைப் பார்த்தார். முகம் வெளிறிப்போச்சு. "சார்... ஹெட் ஆபீஸா?"ன்னார். நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. இருமினேன். அவ்ளோதான், "வாங்க சார், கிச்சன் பாக்கலாம்"னு கையைப் பிடிக்காத குறையா உள்ள கூட்டிட்டுப் போயிட்டார்.

உள்ளே எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. பின்பக்கம் ஒரு சின்ன ரூம். கதவைத் திறக்க வேண்டாம்னு அவர் பதறினார். ஆய்வாளன்கிட்ட திறக்க வேண்டாம்னு சொன்னா விடுவானா? திறந்தேன். அங்க கம்பெனித் தொப்பியோட நாலு பேர், பேர் அச்சடிக்காத ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுத்தி உக்காந்து தின்னுக்கிட்டிருந்தாங்க. பெட்டிக்குள்ள முட்டை வடிவம். ஓரத்துல கருப்புப் பொட்டு. "மேல சொல்லிடாதீங்க சார்"னு மேலாளர் கெஞ்சினார். "எங்களுது நல்லாத்தான் இருக்கும். ஆனா தினம் அதையே பாக்குறோமா... மத்தியானம் மட்டும் எதிர்க்கடையில வாங்கிக்கிறோம். மாவுல அந்தப் பொண்ணு என்னதான் பண்றாங்களோ!" நான் என்னை மறந்து, "அது என் பொண்ணுய்யா!"ன்னு கத்திட்டேன். நாலு பேரும் மெல்றதை நிறுத்திட்டாங்க.

ரோட்டைத் தாண்டி அவள் முன்னால் போய் நின்றேன். "ஓரம் கருகியிருக்கு" என்றேன். "அது அப்படித்தாம்பா இருக்கணும்" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "சரி, எனக்கு ஒண்ணு போடு. மூடுற பேச்சை இனிமே எடுக்காத" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். அன்றைக்கு முழுசாக ஒன்றை நானே தின்றேன். அதே நாலு பேர் போய்ச் சொல்லிச் சொல்லித்தான் இப்போது இவள் கடையில் நாற்காலி கிடைப்பதில்லை. ஆக, நானூறு கிளையும் ஊர் வயிற்றை நிறைக்கின்றன. அந்தக் கிளைக்காரர்களின் வயிற்றை நிறைப்பது என் மகள். இதை உங்கள் மகனிடம் சொல்ல வேண்டாம். அந்த நாலு பேர் பாவம்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். எல்லோரும் நல்ல பசியோடு நீண்ட காலம் வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
பீட்சாக் கடைக்காரியின் தகப்பன்

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது மகளும், கூடவே உங்கள் மகனும் உள்ளே வந்தார்கள். அவன் போன வாரம் நிஜமான ஆய்வுக்கு வந்து, எதிரே இவள் கடையில் வாங்கித் தின்ற ஊழியர்களைத் திட்டப் போனவன், அங்கேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டானாம். நேற்று கம்பெனி வேலையை ராஜினாமா செய்துவிட்டான். இருவரும் கூட்டாக ஊர் ஊராகக் கிளை திறக்கப் போகிறார்களாம். எல்லாம் ஒரே அளவில், ஒரே ருசியில். "அப்பாகிட்ட எனக்குச் சொல்லத் தைரியம் இல்ல மாமா, நீங்களே பக்குவமா ஒரு கடிதம் எழுதிடுங்க" என்கிறான். மறுபடி எழுதக் கை வலிக்கிறது. மேலே உள்ளதையே பக்குவம் என்று எடுத்துக்கொள்ளவும்.