அடுப்பில் காய்ந்த மாக்னெட்டோ

விமானத்தின் முன்விசிறியை மூன்றாவது தடவையாகச் சுழற்றிவிட்டான் விருமாண்டி. அது அரைச்சுற்றுப் போய், மனம் மாறித் திரும்பி, அவன் தோளில் ஓர் அறை விட்டது. பின்னால் இருந்த வைக்கோற்போரில் போய் உட்கார்ந்தான்.

“என்ன சாமி இது! என் காளைகூட இம்புட்டு வன்மம் வச்சு முட்டாது.”

விமானத்துக்குள் உட்கார்ந்திருந்த பட்டாபிராமனின் முகம் மலர்ந்தது. “உதைக்கறதுன்னா உள்ளே உயிர் இருக்குன்னு அர்த்தம். எழுந்திரு, இன்னொரு தடவை சுத்து.”

“எனக்கும் உயிர் இருக்கட்டும் சாமி. கொஞ்சம் பொறுங்க.”

பொறுக்க நேரமில்லை. அன்று திங்கள்கிழமை. வியாழக்கிழமை காலையில் அதிகாரி வருகிறார்.

பட்டாபிராமன் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு துரை மதுரைக்கு விமானத்தோடு வந்து, ஆளுக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினான். பட்டாபிராமன் ஏறிய முறை, எஞ்சின் நடுவானத்தில் நின்றுவிட்டது. பழங்காநத்தத்துக்கு மேற்கே, விருமாண்டியின் கடலைக் காட்டில் விமானம் தத்தித் தத்தி இறங்கியது. வேறு யாராவது இருந்தால் குலதெய்வத்துக்கு முடி இறக்கப் போயிருப்பார்கள். பட்டாபிராமன் அங்கேயே நின்று விமானத்துக்கு விலை பேசினார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவி பாகீரதியிடம் சொன்னார்: “சின்ன ரிப்பேர்தான். சரிபண்ணி, நானே ஓட்டக் கத்துண்டு, மீனாட்சி கோவில் கோபுரத்தை உனக்கு மேலேர்ந்து காட்டறேன் பார்.”

அந்தச் சின்ன ரிப்பேருக்குத்தான் எட்டு வருஷமாக நல்ல நாள் அமையவில்லை. விருமாண்டி போட்டுக் கொடுத்த ஓலைக் கொட்டகையில், அவன் ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பக்கத்தில் விமானமும் நின்றது. காளைக்காவது தினமும் தீனி போட்டார்கள்.

இப்போது யுத்தம். சனிக்கிழமை சர்க்கார் உத்தரவு ஒன்று தபாலில் வந்தது. பட்டாபிராமன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் மூன்று வரி படித்தார். வியாழக்கிழமை காலை, அதிகாரி முன்னிலையில் எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும். நான்காவது வரியிலிருந்து சட்டம் சட்டமாக ஒரு பக்கம் நீண்டது. அவருக்கு அதற்கு மேல் படிக்க மனம் ஓடவில்லை.

“ஓட்டிக் காட்டலேன்னா?” என்றாள் பாகீரதி.

“காயலான் இரும்புன்னு எடுத்துண்டு போய் உருக்கிடுவா. போன மாசம் பார்க் வேலியையே பேத்துண்டு போனாளே!”

“பின்பக்கம் தமிழ்லயும் ஏதோ அச்சடிச்சிருக்கே?”

“அது இங்கிலீஷ் வராதவாளுக்கு. இருபத்தெட்டு வருஷம் சர்க்கார் கடுதாசியோட குடித்தனம் பண்ணினவன் நான். என்கிட்ட தமிழ்ப் பக்கமா?”

பாகீரதி காகிதத்தை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். “அந்தத் தகரத் தும்பி போனா எனக்கென்ன? சனியன் ஒழிஞ்சது!” என்று சொல்லிவிட்டு வடாம் மாவு கிளறப் போனாள்.

திங்கள் மாலை எஞ்சினைத் திறந்தால், காற்று உறிஞ்சும் குழாயில் அணில் கூடு. அதை எடுத்தால், உள்ளே எஞ்சினுக்கு ஊற்றியிருந்த விளக்கெண்ணெய் எட்டு வருஷம் இறுகி, வால்வுகளைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தது. “மண்ணெண்ணெய் ஊத்துங்க சாமி, எது ஒட்டினாலும் விட்டுரும்” என்றான் விருமாண்டி. ஊற்றினார்கள். வால்வு விட்டது. கூடவே சிலிண்டருக்குள் இருந்த எண்ணெயும் கழுவிக்கொண்டு போய், எஞ்சினில் அழுத்தமே இல்லாமல் போயிற்று. விசிறி காற்றாடிபோல் சும்மா சுற்றியது.

அழுத்தத்துக்காகக் கெட்டி எண்ணெய் ஊற்றினார் பட்டாபிராமன். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. பொறி விடும் பிளக்குகள் எட்டும் எண்ணெயில் முழுகின.

செவ்வாய்க்கிழமை காலை பாகீரதி குளித்துவிட்டு வந்து பார்த்தால், அவளுடைய குமுட்டி அடுப்பில் எட்டு பிளக்குகள் வறுபட்டுக்கொண்டிருந்தன. பக்கத்து அடுப்பில், உளுந்து வறுக்கும் வாணலியில், கறுப்பாக ஒரு பெட்டி.

“ஏன்னா, என்ன இது?”

“மாக்னெட்டோ. பொறி உண்டாக்கற யந்திரம். மொத்தம் ரெண்டு இருக்கு. ஈரம் கோத்துண்டிருக்கு, சித்த வாட்டினா சரியாயிடும்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பெட்டிக்குள்ளிருந்த மெழுகு உருகி, வாணலியில் குமிழியிட்டு, குபீரென்று பிடித்துக்கொண்டது. வீடு முழுக்கப் புகை. அதை அணைக்க அவர் அவசரத்தில் எடுத்துக் கொட்டியது தண்ணீர் அல்ல, அன்றைய மோர்.

ஒரு மாக்னெட்டோ போயிற்று. மீதி ஒன்றை வெயிலில் காயவைப்பது என்று முடிவாயிற்று. மொட்டைமாடியில் வடாம் துணியின் ஓரத்தில் அதைப் பிரித்து வைத்தார்கள். பாகீரதி கையில் குச்சியோடு இரண்டுக்கும் காவல் உட்கார்ந்தாள்.

“இது என்ன, சுண்டுவிரல் நகமாட்டம் ஒரு கரித்துண்டு?”

“அதுதாண்டி முக்கியம்! அது இல்லேன்னா பொறியே வராது. காக்கா தூக்கிண்டு போயிடப் போறது, பார்த்துக்கோ.”

“காக்காவுக்கு வேற வேலை இல்லை பாருங்கோ” என்றாள். ஆனாலும் அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டினார்கள். பாகீரதியும் தூக்கில் புளியோதரை எடுத்துக்கொண்டு வண்டியில் வந்திருந்தாள்; பத்திரமாக வைத்திருந்த கரித்துண்டை அவளே எடுத்துக் கொடுத்தாள். சக்கரத்துக்கு இரண்டு கல் முட்டுக் கொடுத்தார்கள். விமானத்தின் வாலைக் கட்ட வேறு இடம் இல்லாததால், காளை கட்டியிருந்த முளையிலேயே கட்டினான் விருமாண்டி.

விசிறியைச் சுழற்றினான். இருமல். மறுபடி சுழற்றினான். தும்மல். மூன்றாவது தடவை, எட்டு வருஷத்துக் கோபமும் ஒன்றாகத் திரண்டதுபோல எஞ்சின் உறுமியது. ஓலைக் கொட்டகையின் பாதிக் கூரை பறந்தது. அலங்காநல்லூரில் இதுவரை எவனும் திமிலைப் பிடித்து அடக்கியிராத அந்தக் காளை, முளையைப் பிடுங்கிக்கொண்டு திருப்பரங்குன்றம் திசையில் ஓட்டம் பிடித்தது. வால் அவிழ்ந்த விமானம் கல்லைத் தாண்டி, சோளத்தட்டைப் படப்புக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

“ஓடிருச்சு சாமி, ஓடிருச்சு!”

“எஞ்சின்தானே?”

“மாடு சாமி!”

ஆனால் பட்டாபிராமன் அழுதுகொண்டிருந்தார். தட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து, பாகீரதியின் கையைப் பிடித்து, “கேட்டியா? கேட்டியோல்லியோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில், பிறத்தியார் முன்னால் அவர் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவள் கையை உதறவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும், யாரும் கூப்பிடாமல் பாகீரதியே முதலில் வண்டியில் ஏறினாள். மடியில் குங்குமச் சிமிழ்.

“ஆயுத பூஜைக்குக்கூட இதுக்கு ஒரு பொட்டு வச்சதில்லை நான். இன்னிக்காவது வைக்கறேன். ரெண்டு பேரும் சித்த தள்ளி நில்லுங்கோ.”

பட்டாபிராமன் கொட்டகைக்கு வெளியே போய்க் கிழக்கே பார்த்துக் கைகூப்பி நின்றார். அவள் எஞ்சின் மூடியைத் திறந்து, நிதானமாக, உள்ளேயும் வெளியேயும் பொட்டு வைத்தாள்.

ஒன்பது மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். வெயிலில் களைத்த முகம். “ஸ்டார்ட் பண்ணுங்க.”

விருமாண்டி சுழற்றினான். சத்தமில்லை. பத்துத் தடவை சுழற்றினான். இருபது. அவன் வேட்டி நனைந்து காலில் ஒட்டிக்கொண்டது. நேற்று உறுமிய எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

“நேத்து ஓடித்து சார்! சத்தியமா ஓடித்து! கூரையைப் பாருங்கோ, அது பிச்சுண்டு போனதுதான்! இவன் மாடுகூட ஓடிப்போச்சு!”

“ஆமாங்கய்யா, காளை இன்னும் வீடு திரும்பல” என்றான் விருமாண்டி, மூச்சு வாங்க.

அதிகாரி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “எட்டு ஊர் போயிட்டு வரேன் சார். ஓடுதுன்னு சாதிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

ஒரு தாளில் ஏதோ எழுதினார், கிழித்துக் கொடுத்தார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பட்டாபிராமன் தாளைப் படிக்கவில்லை. இறக்கையின் நிழலில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு லாரி வரும். நாலு பேர் கடப்பாரையோடு வருவார்கள்.

விருமாண்டி பக்கத்தில் குந்தினான். “உருக்கும்போது ஒரு துண்டு கேட்டு வாங்குங்க சாமி. அதுல மணி செஞ்சு என் காளைக் கழுத்துல கட்டுறேன். எங்கயும் போயிராது, நம்ம காட்டுக்குள்ளதான் சத்தம் கேக்கும்.”

பட்டாபிராமன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாகீரதி வந்து எதிரே உட்கார்ந்தாள். துண்டை மெல்ல விலக்கி, அவர் கையை விரித்து, குங்குமச் சிமிழை அதில் கவிழ்த்தாள். சிவப்புப் பொடியோடு, சுண்டுவிரல் நகமளவு ஒரு கரித்துண்டு விழுந்தது.

“ஓடற விமானத்தைத்தான் சர்க்கார் எடுத்துக்கும்னு அந்தத் தமிழ்ப் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருந்தது, எடுத்துண்டு போயிட்டா அப்புறம் கோபுரத்தை மேலேர்ந்து எனக்கு யார் காட்டறதாம்?”