நாலு மூலை மஞ்சள்

வெண்ணந்தூர்,
வியாழன் மாலை.

அன்புத் தம்பி மாதேஸ்வரனுக்கு அக்கா சென்னியம்மாள் எழுதுவது. இங்கே உன் மனைவி, மகள், நான், மாடு எல்லோரும் சுகம். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும். போனில் சொன்னால் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஐதராபாத்துக்கு வங்கிக் காவல் வேலைக்குப் போகும்போது என்ன சொன்னாய்? "படைவீரர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்குத் தனப்பிரியாவே விண்ணப்பிக்கட்டும், பொறுப்பு வரட்டும், நீங்க பக்கத்துல மட்டும் இருங்கக்கா" என்றாய். இருந்தேன். கன்னியாஸ்திரீகளிடம் பிரம்படி வாங்கிக் கற்ற கையெழுத்து என்னுடையது. கறுப்பு மை ஊற்றிப் பேனாவுடன் உட்கார்ந்தேன். "அத்தை, இதெல்லாம் போன்லயே அடிக்கிறதுங்க" என்றாள் உன் மகள். பேனாவைக் கழுவி வைத்தேன். பிறகு உன் போனுக்கு ரகசிய எண் வரும், அதை உடனே சொல்ல வேண்டும் என்றாள். நீயோ கூப்பிட்டவுடன் "எல்லாரும் சாப்புட்டீங்களா, மாடு கன்னு போட்டுச்சா, மழை பேஞ்சுதா" என்று விசாரித்து முடிப்பதற்குள் எண் செத்துப்போயிற்று. மூன்று முறை! "அப்பா, நம்பரை மட்டும் சொல்லுங்க, மத்ததைப் பொறவு பேசிக்கலாம்" என்று பெற்ற தகப்பனிடம் பேசுகிறாள். நீயும் சிரிக்கிறாய்.

அடுத்தது உன் மனைவியின் திருப்பணி. நாமக்கல் படைவீரர் நல அலுவலகத்தில் வாங்கி வந்த சான்றிதழை சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமமும் வைத்திருக்கிறாள் சித்ரா. வலது கீழ் மூலையில்தான் அதிகாரியின் முத்திரை! முத்திரை தெரியவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. கேட்டால், "நல்ல காரியத்துக்குப் போற காயிதமுங்க, மொட்டையாவா அனுப்புறது?" என்கிறாள். கல்யாணப் பத்திரிகைக்கும் அரசாங்கக் காகிதத்துக்கும் வித்தியாசம் தெரியாத வீட்டில் பெண் எடுத்தாயே!

நாளை மாலைதான் கடைசி. தவறினால் உன் மகள் கோயம்புத்தூர் கல்லூரி விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். லீவு போட்டு வந்த பிள்ளை இன்று காலை புதுச் சான்றிதழுக்குக் கிளம்பினாள், நானும் போனேன். ஜன்னலில் இருந்தவர் அவள் பேரைக் கேட்டார், சொன்னேன். படிப்பைக் கேட்டார், சொன்னேன். "ஏனுங்கம்மா, காலேஜுல படிக்கிறது நீங்களாங்க?" என்றார். வரிசையே சிரித்தது. உன் மகள் என் காதில், "அத்தை, நீங்க போயி ஒரு டீ குடிங்க" என்றாள். எனக்கு! டீ ஆறுவதற்குள் சான்றிதழோடு வந்து நின்றாள். அது வேறு விஷயம். பெரியவர்களை ஓரங்கட்டுவதா பொறுப்பு? திரும்பும் பஸ்ஸில் ராசிபுரம் தாண்டியும் அதைத்தான் எடுத்துச் சொன்னேன். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆகவே என் முடிவு: காலையில் போனை வாங்கி நானே அனுப்பிவிடுவேன். இனி அவளை நம்பி எதையும் ஒப்படைக்காதே.

நீ நீண்ட ஆயுளோடு இரு சாமி. நேரத்துக்குச் சாப்பிடு. நாங்கள் சாப்பிட்டோமா என்று மட்டும் கேட்காதே.

உன் அக்கா,
சென்னியம்மாள்

பின்குறிப்பு: வெள்ளி காலை. போனைக் கேட்டேன், கொடுத்தாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாக அதில் வந்திருக்கிறது. நேற்று பஸ்ஸில், என் பக்கத்தில் உட்கார்ந்தே அனுப்பியிருக்கிறாள்! நீயும் மழையைப் பற்றிக் கேட்காமல் எண்ணை மட்டும் அனுப்பினாயாமே. ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க பேசிட்டிருந்தீங்க அத்தை. பெரியவங்க பேசும்போது குறுக்க பேசக்கூடாதுன்னு நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். கடைக்குப் போய் ரசீதை இரண்டு பிரதி எடுத்து வந்தாள். ஒன்று அவள் பைக்குள் போயிற்று. மற்றதை என்னிடம் நீட்டி, "இதுல வேணா மஞ்ச வெச்சுக்கங்க" என்றாள். சித்ரா பால் கறக்கப் போயிருந்தாள். கை கழுவ மறந்து இதை மடித்துவிட்டேன். கடிதத்தின் மூலைகளைத் துடைக்காதே.